அப்பாவின் மறதி

"கார்டை யார்கிட்டயாவது குடுத்தீங்களாப்பா?"

"இல்லடா. நாந்தான் எடுத்தேன், மறந்துட்டேன். விடேன்."

அப்பாவின் கணக்கிலிருந்து இந்த மாதமும் இரண்டு முறை பணம் போயிருக்கிறது. அவருக்கோ காலில் மாவுக்கட்டு. ஏடிஎம் வரை எப்படி நடந்திருப்பார்? யாரோ மிரட்டிப் பறிக்கிறார்கள்!

"வேண்டாம்டா" என்று கெஞ்சியவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வங்கிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

மேலாளர் ஏடிஎம் கேமராப் பதிவை ஓடவிட்டார்.

கார்டைச் செருகிச் சாவகாசமாக நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது... நான்.

"சார், நான் அங்க போகவே இல்லையே!"

அப்பா என் கையை இறுகப் பிடித்தார்.

"பணம் எடுத்துக் குடுத்ததை நீயே மறந்துட்டு, மறுபடி எடுத்துட்டு வந்து குடுக்குறடா. எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன். நீ பயந்துடக் கூடாதேன்னுதான், மறதி எனக்குன்னு சொல்லிட்டிருந்தேன்."