கறுப்புதான் பிளஸ்

புது பேட்டரியை, காருக்குப் பின்னால் இழுத்துவந்த கூடார வண்டியின் முன்மூக்கில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த மனிதர் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் என் கோல்ஃப் வண்டியை அவர் அருகில் நிறுத்தினேன்.

ஏரிக்கரைச் சுற்றுலா முகாமில் வேறு யாரும் இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறை முடிந்துவிட்டால் வடக்கு விஸ்கான்சினில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். ஏரி வாத்துகளுக்கு, முகாம் எனக்கு. இலவசமாகத் தங்க இடம் கொடுத்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொள் என்று என்னை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள்தான் இல்லை. கடைசியாக யாரிடம் வாய்விட்டுப் பேசினேன் என்று யோசித்தால், தபால்காரரிடம் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அவரும் நிற்கவில்லை.

"என்ன பெரியவரே, மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க?"

"லைட் எரிய மாட்டேங்குது மேடம். நானே மாட்டிரலாம்னு பாத்தேன்."

குனிந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காரில் கறுப்பு என்றால் மைனஸ். அந்தப் பழக்கத்தில் கறுப்புக் கம்பியை மைனஸில் மாட்டி, மிச்சமிருந்த வெள்ளையைப் பிளஸில் முறுக்கியிருந்தார். ஆனால் கூரையைத் தூக்கி, இரண்டு பக்கமும் கித்தான் படுக்கைகளை இழுத்துவிடும் இந்த மடக்கு வண்டிகளில் கணக்கே வேறு. இங்கே கறுப்புதான் பிளஸ். முதல் தடவை தன் கையால் பேட்டரி மாட்டுகிறவர்கள் தவறாமல் செய்யும் தப்பு. கோடை முழுக்க யாராவது ஒருவர் ஃபியூஸைக் கருக்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு என்னிடம் வந்து நிற்பார்.

"இது உங்க பிக்கப் லாரி இல்ல. கம்பிய மாத்திப் போட்டிருக்கீங்க. ஃபியூஸ் போயிருக்கும், கதவத் தெறங்க."

"இத்தன வயசாகியும் எனக்குப் புத்தி வரலியே!"

"ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

வாய்விட்டுச் சிரித்தார். பெயர் டெல்மர் என்றார். நான் வெர்னா என்றேன்.

கம்பிகளைக் கழற்றி மாற்றி மாட்டினேன். அவர் பக்கத்தில் நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, கருகிய ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினேன். கூரை விளக்கு எரிந்தது. நான் ஏதோ ஏரிக்கே பாலம் கட்டிவிட்டதுபோல் டெல்மர் கை தட்டினார்.

எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் ஒருவர் வாசலில் போய் நிற்கிற வழக்கம் கிடையாது. சும்மாதான் வந்தேன், பேச ஆளில்லை என்று சொல்வதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்வோம். கார் பனியில் புதைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏணி இரவல் வேண்டியிருக்க வேண்டும். காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதன் பின்னாலேயே காபி வந்துவிடும்.

வந்தது. காபிக்குப் பிறகு, பீரில் வேகவைத்த சாசேஜை அடுப்புக்கரியில் வாட்டி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

அவர் மனைவி ஆர்டிஸ் இருந்தவரை இந்த வண்டிக்கு பேட்டரியே தேவைப்படவில்லையாம். மின்சார இணைப்பு உள்ள இடத்தைத் தவிர வேறெங்கும் தங்க மாட்டாளாம். ஹீட்டர் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. போன பனிக்காலத்தில் அவள் இறந்துபோனதைச் சாசேஜைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்.

நான் அரிசோனாவில் இருக்கும் என் மகளைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். வரவர அவளுக்கு அவசர வேலைகள் அதிகமாகிவிட்டன. அக்டோபரில் முகாமை மூடும் நாளை நினைக்கவே பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டெல்மர் என் கோப்பையை மறுபடி நிரப்பினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

"சரி, அப்புறம்" என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். எழுந்து, நின்றபடியே வெகுநேரம் பேசினோம். நான் என் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் பேசினோம். ஏரி கறுக்க ஆரம்பித்திருந்தது.

"நாளைக்கும் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க வெர்னா. இந்தக் கம்பிங்கள நம்ப முடியாது."

"வரேன். அதுவரைக்கும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். கொஞ்சம் அழுகையும் வந்தது.

அவருக்கு ஒன்று தெரியாது. அன்று மத்தியானம், அவரைப் பார்க்கப் போவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், நான் ஏற்கெனவே அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தேன். போய்ப் பேச ஒரு சாக்கும் தோன்றாமல், பைன் மரங்களுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். டெல்மர் அப்போதே பேட்டரியை மாட்டி முடித்திருந்தார். கித்தான் வழியாக உள்ளே விளக்கு பளிச்சென்று எரிவது தெரிந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று வண்டியைக் கிளப்பினேன். சரளைக்கல் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

நிமிர்ந்து பாதையைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாகக் குனிந்து, இரண்டு கம்பிகளையும் கழற்றி மாற்றி மாட்டினார். விளக்கு அணைந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் நான் அவர் பக்கம் போனேன்.