சந்திர மண்டலத்துக் கதாநாயகன்

"மூட்டை தூக்கறவன் சந்திரனுக்குப் போனா, சந்திரனோட மரியாதை இன்னா ஆவறது வாத்தியாரே?"

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி முதலாளி சுப்பராயலு கேட்ட இந்தக் கேள்வி, அவருக்கே மிகவும் நியாயமாகப் பட்டது. திண்டிவனம் வாலிபர்கள் போடவிருக்கும் சந்திர மண்டல நாடகத்துக்குக் கொட்டகை, படுதா, பெட்ரோமாக்ஸ் எல்லாம் அவர் உபயம். அவர் கைவிட்டால் நாடகம் இல்லை.

நாடகம் எழுதிய தேவசகாயம் தலையைச் சொறிந்தான்.

"அந்தோணிசாமிக்கு நல்ல கொரலுங்க மொதலாளி. எந்த நாடகம் போட்டாலும் அவனுக்கு அரக்கன் வேஷந்தான். ஒரு தடவையாவது கதாநாயகனா நிக்கட்டும்னுதான் இதையே எழுதனேன்."

"அரக்கன்னா அவனுக்குக் கரி பூசற வேலை மிச்சம்யா! பேஜாரு பண்ணாத. ராக்கெட்ல எம்புள்ள அரங்கநாதன்தான் போவணும். ஜிகினா சட்டை, பூட்ஸ் அல்லாம் மெட்ராஸ்ல சொல்லியாச்சு. அந்தோணிசாமிய சந்திரன்ல கெடக்கறவனா போட்டுக்க."

"சரிங்க. ராக்கெட்டு உங்க புள்ளைக்கே."

அவன் இவ்வளவு சுருக்கில் இறங்கி வந்ததில் சுப்பராயலுவுக்கு ஏமாற்றம். இன்னும் கொஞ்சம் திட்டு பாக்கி வைத்திருந்தார்.

"பையன் ஒத்திகைக்கெல்லாம் வரமாட்டான். அவன் வசனத்த மட்டும் ஜல்தியா எழுதிக் குடு."

பெரிய வீட்டுப் பிள்ளைகள் நேரே மேடைக்கு வருவதுதான் அங்கே வழக்கம்.

மறுநாள் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று அரங்கநாதன் முழங்கிப் பார்த்தான். "இந்த மண் இனி என்னுடையது! எல்லோரும் மண்டியிடுங்கள்!"

"கதாநாயகன்னா இப்டித்தான்டா பேசணும்!" சுப்பராயலு பூரித்துப்போனார்.

நாடகத்துக்கு விக்கிரவாண்டியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். படுதா உயர்ந்தது. சந்திரனில் அந்தோணிசாமி கேப்பைக் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவியாகப் பெரியசாமி, சேலையும் கூழ்ச்சட்டியுமாக நின்றான்.

புகை கக்கியபடி ராக்கெட் இறங்கியது. அதிலிருந்து பளபளவென்று குதித்த அரங்கநாதன், ஒரு எழுத்துப் பிசகாமல் வசனத்தை முழங்கினான். முன்வரிசையில் சுப்பராயலு மீசையை முறுக்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

அந்தோணிசாமி களைக்கொட்டுடன் நிமிர்ந்தான். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"பயப்படாத புள்ள. பூமியிலேர்ந்து அரக்கன் ஒருத்தன் எறங்கியிருக்கான். நான் பாத்துக்கறேன்."