சுவரைப் பார்த்து நின்றவன்

ஈட்டி எறியும் ஜெரோம் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். குறையில்லாத தோள்பட்டை எலும்பு எப்படி அசையும் என்று பிசியோதெரபி மாணவிகளுக்குக் காட்ட அவனை அழைத்திருந்தார்கள். நாளை மறுநாள் மாநில அணித் தேர்வு. சின்ன டம்பெல்களைப் பிடித்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஐந்து முறை தூக்கி இறக்கினான். வலி ஒன்றும் இல்லை. "இன்னொரு தடவ தூக்குங்க தம்பி," என்றார் பேராசிரியை. தூக்கினான். "இப்ப மெதுவா இறக்குங்க." இறக்கினான். பின்னால் பேனாக்களின் கீறல் சத்தம் நின்றுபோனது. பேராசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டார். "வலது பக்கம் வித்தியாசமாத் தெரியுதுன்னா கையத் தூக்குங்க, பொண்ணுங்களா. யாரும் வாயத் திறக்க வேண்டாம்." சுவரில் அடித்திருந்த ஆணியையே ஜெரோம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தியின் வளையல்கள் முழங்கையை நோக்கிச் சரியும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொருத்தியின் வளையல்கள். அதற்குப் பிறகு அவனால் எண்ண முடியவில்லை.