மூன்று மீட்டர் தள்ளி

"சுவத்துல இருந்து மூணு மீட்டர் தள்ளியிருக்கா? இன்னொரு தரம் அளந்து பாருங்க!"

பின்வாசல் கதவருகே நின்று மனைவி அதட்டினாள். டெய்லர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, நான்காவது தடவையாக மண்டியிட்டார். சுவரில் தொடங்கி, அந்தப் பெரிய கேஸ் பார்பிக்யூ அடுப்பின் கால் வரை அளந்தார்.

"ரெண்டு டேப், அதுக்கு மேல நாலு விரக்கடை. போதுமா தாயே?"

"எனக்குப் போதும், வர்றவங்களுக்குப் போதணுமே! போன தடவை அவங்களுக்கு ஒரு டீ கூடக் கொடுக்க முடியல. தெருவே சிரிச்சுது. இன்னிக்கும் சொதப்புனீங்க, இதைக் காயலான் கடையில போட்டுட்டுத்தான் எனக்கு மறு வேலை."

டெய்லருக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் கச்சிதமாகத் தைத்துக் கொடுக்கிற மனுஷன். ஆசை ஆசையாக வாங்கிய அடுப்பில் இதுவரை ஒரு கோழிக்காலைக்கூட உருப்படியாகச் சுட்டதில்லை. வருகிற ஐந்து பேரும் இதே அடுப்பில் அவர் கையால் சுட்டதை வயிறாரச் சாப்பிட்டுப் போக வேண்டும். அது நடந்தால்தான் அவரால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியும்.

"முதல்ல அந்த டேப்பைக் கழட்டி வைங்க. அடுப்பு மேல தொங்கப் போகுது."

கழற்றிக் கொடுத்தார்.

நாலு மணிக்கு டாணென்று ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் ஆறடி உயரம், பெரிய மீசை. பின்னால் மூன்று ஆண்கள், முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். நாற்காலி போட்டிருந்தும் யாரும் உடனே உட்காரவில்லை. ஒருவர் துணிக்கொடியை அண்ணாந்து பார்த்தார். இன்னொருவர் அடுப்பு ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"டெய்லரண்ணே, கொலைப் பசியில வந்திருக்கோம்" என்றாள் அந்தப் பெண். "பட்டனுக்குக் காஜா எடுக்கிற மாதிரி நிதானமா செய்யாதீங்க!"

"நிதானமாத்தாம்மா செய்வேன்."

சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தினார். குழாயை முறுக்கில்லாமல் மாட்டினார். இணைப்பில் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, சிலிண்டரை மெல்லத் திறந்தார்.

குமிழ் குமிழாக நுரை வந்தது.

"போச்சு!" என்று தலையில் கைவைத்தாள் மனைவி.

"ஒண்ணும் போகல. கசியுதுன்னு இப்பவே தெரிஞ்சுதே, நல்லதுதான்." சிலிண்டரை மூடினார். இணைப்பைக் கழற்றி, சரியாக மாட்டி இறுக்கினார். மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி திறந்து பார்த்தல். ஒரு குமிழ் கூட இல்லை.

அடுத்து அடுப்பின் மூடியை முழுசாகத் திறந்தார். "மூடி வச்சுப் பத்த வச்சா உள்ளே கேஸ் சேர்ந்துக்கும்" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே அடுப்பின் கேஸ் குமிழைத் திருகி, பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினார்.

டக். பற்றவில்லை. டக், டக். ஊஹூம்.

இருந்தவர்களில் இளையவன் துள்ளி எழுந்தான். "அண்ணே, தள்ளுங்க. நான் பாக்கிறேன்."

மீசைக்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருடா. இன்னிக்கு நாம விருந்தாளி."

டெய்லர் எல்லாவற்றையும் மூடினார். அடுப்பின் மூடியை மட்டும் திறந்தே விட்டார். "அஞ்சு நிமிஷம் பொறுங்க. கேஸ் கலையணும்."

அந்த ஐந்து நிமிடமும் மனைவி கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவம், சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது அவருக்கு.

ஐந்து நிமிடம் கழிந்தது. மறுபடி திறந்து, திருகி, அழுத்தினார். டக்!

நீலநிறத் தீ வரிசையாகப் பற்றிக்கொண்டது. ஐந்து பேரும் கைதட்டினார்கள். மீசைக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

கோழித் துண்டுகள் கம்பி மேல் சுர்ரென்று பொரிந்தன. பக்கத்தில் சோளக்கதிர்கள் பொன்னிறமாகின. வீட்டுக்குள் போன் அடித்தது. "என்னங்க, ஏதோ கஸ்டமர். அவசரமாம்!"

"அடுப்பு எரியுறப்போ மகாராஜாவே கூப்பிட்டாலும் நகரமாட்டேன்னு சொல்லு!"

கடைசித் துண்டை எடுத்ததும் முதலில் சிலிண்டரை மூடினார். குழாயில் மிச்சமிருந்த கேஸ் எரிந்து தீ தானாக அணைந்த பிறகு அடுப்பின் குமிழ்களைத் திருகி மூடினார். அப்புறம்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் மூன்று தட்டுகள் காலி.

"அண்ணே, இன்னொரு துண்டு!"

"எனக்கும்!"

மனைவி அவர் காதருகே வந்தாள். "என்னங்க, அடுத்த வாரம் எங்க அண்ணனைக் கூப்பிடலாமா?" காயலான் கடையை அவள் மறந்தே போயிருந்தாள். டெய்லருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போது பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது. எதிர்வீட்டு டீச்சர் தண்ணீர் தளும்பும் பக்கெட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஐந்து பேரையும் பார்த்ததும் அலறினாள்.

"நீங்க இந்த வீட்டுக்குள்ளே போனதைத் தெருவுல இப்பத்தான் சொன்னாங்க! ஐயையோ, இந்த மனுஷன் மறுபடியும் அடுப்புக்குத் துணியில உறை தைச்சு, அதைக் கழட்டாமலே பத்த வச்சுட்டாரா?"

மீசைக்காரர் கையிலிருந்த கோழிக்காலைக் கீழே வைக்கவில்லை.

"பக்கெட்டை இறக்குங்க டீச்சர். ஃபயர் ஸ்டேஷன்ல இருந்து நாங்க இந்த வீட்டுக்கு வர்றது இது ரெண்டாவது தடவை. சாப்பிட வர்றது இதுதான் முதல் தடவை!"