ஆறு மாத அடைப்பு

பூட்டு திறந்துவிட்டது. கதவுதான் அசையவில்லை.

தோளால் முட்டினான்.

அக்கா இரண்டடி தள்ளி நின்றாள். கையில் துடைப்பம்.

"மொதல்ல உன் சட்டைங்கள எடுடா. இந்த நீலச் சட்டைக்கே தனியா சம்பளம் போட்டிருப்பாங்க உங்க ஆபீஸ்ல."

அவன் துணிமணி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. மனைவி இறந்தது சதய நட்சத்திரத்தில். உயிர் போன அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும் என்றார் ஜோசியர். சுடுகாட்டிலிருந்து அவன் திரும்புவதற்குள் பூட்டிவிட்டார்கள்.

அவன் மறுக்கவில்லை. பூட்டு அவனுக்கும் வசதியாக இருந்தது.

அவள் இறந்த இரவு அவன் ஹாலில் படுத்திருந்தான். நாளைக்கு ஆபீஸ், போய்த் தூங்கு என்று அவள்தான் அனுப்பினாள். பூஜை மணியை அவள் தலைமாட்டில் வைத்தான். முடியவில்லை என்றால் அடி என்றான்.

விடிந்து போய்த் தொட்டபோது சில்லென்றிருந்தாள்.

அடித்தாளா?

ஆறு மாதமும் ஹாலிலேயே படுத்தான். பூட்டிய அறைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சில நாள் பேருந்திலும் கேட்டது.

இன்னொரு முட்டு. கதவு திறந்தது.

புழுக்க நாற்றம். அந்துருண்டை வாசம். மெத்தையை எடுத்துவிட்ட கட்டில்.

இவ்வளவு சின்ன அறையா?

மணி ஜன்னல் விளிம்பில் இருந்தது. அன்றைக்கு யாரோ எடுத்து வைத்திருக்க வேண்டும். அவள் கையில் இருந்ததா, வைத்த இடத்திலேயே இருந்ததா? இனி யாரைக் கேட்பது?

எடுத்து ஆட்டினான்.

சத்தம் வரவில்லை.

கவிழ்த்துப் பார்த்தான். மணியின் நாக்கில் துணி சுற்றிய கறுப்பு ரப்பர் பேண்டு. முடி கொட்டிய பிறகு அவள் மணிக்கட்டில் சும்மா கிடந்தது.

நான்கு சுற்று. இறுக்கமாக.

"என்னடா, உள்ள ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லக்கா."

வெறும் பலகையில் உட்கார்ந்தான். பிறகு காலை நீட்டிப் படுத்தான். தூசி சட்டையில் ஒட்டியது.

"டேய், பெருக்க வேணாமா?"

"அப்புறம்."

அக்கா பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தாள்.

வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நண்பகல் வெயில் அவன் முகத்தில் விழுந்தும் அசையவில்லை.

மணி அவன் மார்பின் மேல் ஏறி இறங்கியது. ரப்பர் பேண்டை அவன் கழற்றவில்லை.