அஞ்சரை மணிச் சாப்பாடு

“அப்பா, உன் போனு அஞ்சரைக்கே ‘சாப்பாடு’னு மணி அடிக்குதே, நீ எட்டு மணிக்குத்தானே சாப்புடுவே?” என்று ஞாயிற்றுக்கிழமை மகள் எழில் கேட்டாள். செழியன் சிரித்தபடி நினைவூட்டலை அணைத்தான்.

“ஆபீஸ்ல யாரோ ஊட்டிவிடறாங்க போல,” என்றாள் மனைவி மணிமொழி. “யாரோட வேணா சாப்புடுங்க. நாளைக்குப் பௌர்ணமி. மலை சுத்த ஆறு மணிக்கு வந்துடுங்க.”

மறுநாள் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் மணி அடித்ததும், செழியன் பக்கத்து இருக்கைக்குப் போனான்.

“எழுந்திரிங்க மேடம். பொழுது சாஞ்சா நீங்க சாப்புட மாட்டீங்க. வேலையில மறந்துட்டு ராத்திரி பட்டினி கிடப்பீங்க. மிச்சத்த நான் பாக்கறேன்.”

ஜைனரான ஜெயந்திமாலா டிபன் பாக்ஸோடு எழுந்தார். சாப்பிட்டு வந்ததும், “பௌர்ணமியாச்சே, மலை சுத்த வீட்ல காத்திருப்பாங்க, கிளம்புங்க சார்,” என்றார்.

“நான் பதிய வேண்டிய மனுவெல்லாம் அப்படியே கிடக்குதே?”

“கிடக்கட்டும், போங்க.”

அவன் போனபின், ஆளில்லாத அலுவலகத்தில் அந்த மனுக்களை ஜெயந்திமாலா ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்து முடித்தார்.