ஆதிகால டிசைன்

திருச்சி ஓட்டல் ஒன்றில் பேஷன் ஷோ. பெலிண்டா வடிவமைத்த கவுனை அணிந்து மாடல் அழகி ஒருத்தி மேடையில் நடந்து வந்தாள்.

"பச்சைமலைப் பழங்குடி மக்களோட ஆதிகால டிசைன் இது!" என்றாள் பெலிண்டா, மைக்கில். "ஒரு குடிசை வாசல்ல துணியாத் தொங்கிச்சு. அப்படியே எடுத்திருக்கேன். வட்டம் சூரியன், கோடு மழை."

கைதட்டல் ஓயவில்லை. அவளுக்கு விருது கொடுக்க, அந்தக் குடிசையில் வசிக்கும் காசியம்மாளையே வரவழைத்திருந்தார்கள்.

"இந்த டிசைனோட கதையை நீங்களே சொல்லுங்கம்மா" என்று பெலிண்டா மைக்கை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்குக் கதவில்லைங்க. போன மழையில நிவாரண மூட்டை வந்துச்சு. அதுல இருந்த ஜன்னல் திரையை வாசல்ல தலைகீழா மாட்டினோம்."

முன்வரிசையில் பெலிண்டாவின் கணவர் பிரிட்டோ பதறி எழுந்தார்.

"அடியே, அது நம்ம ஹால் திரை! பழசாயிடுச்சுன்னு நீதானே தூக்கிக் குடுத்தே!"